அதிகாலை 4.43

ரொஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2022 ஜூலை 9ஆம் திகதி வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இவ்வளவுதான்: மைய வலையமைப்பில் பராமரிப்பு மாற்றம் ஒன்றைச் செய்தோம், அதன்பின் சில ரவுட்டர்கள் பிழையாக இயங்கத் தொடங்கின. முதல் நாள், வெள்ளிக்கிழமை அதிகாலை, கனடாவில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கைப்பேசி, வீட்டுத் தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாகப் போய், 26 மணித்தியாலங்கள் கழித்துத்தான் முழுதாகத் திரும்பியிருந்தன. இன்ரராக் என்ற வங்கிக் கொடுப்பனவுக் கட்டமைப்பும் விழுந்ததால் கடைகளில் வங்கி அட்டை எடுபடவில்லை. அவசர அழைப்பான 911 பலருக்குக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் அன்றிரவு நடக்கவிருந்த ‘த வீக்கெண்ட்’ இசை நிகழ்ச்சி தள்ளிப்போனது. நிகழ்ச்சிக்கென்று குறித்திருந்த அரங்கின் பெயரே ரொஜர்ஸ் சென்ரர்.

ரவுட்டர் பிழைத்தது விளைவு. காரணம் அந்த விளக்கத்தில் இல்லை. காரணத்தைத் தேடிப் போனவனுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு ஆவணங்கள் கிடைத்தன. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசித்தால், ஒவ்வொன்றும் வேறொரு குற்றவாளியைச் சுட்டுகிறது.

கனடாக் கம்பனி ஒன்றின் ரவுட்டரைப் பற்றிக் கிளிநொச்சியில் இருப்பவனுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். அந்த வெள்ளிக்கிழமை வன்னியில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசு அறிவித்திருந்த நாட்கள் அவை. மின்வெட்டு வேறு. மறுநாள் கொழும்பில் பெரும் போராட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். இரவு மேல் மாகாணத்தில் பொலிஸ் ஊரடங்கும் வந்தது. வீட்டுக்கு வீடு வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருந்த நேரத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து வரவேண்டிய வட்ஸ்அப் வரவில்லை, வைபர் வரவில்லை. ரொறன்ரோ நேரம் அதிகாலை 4.45 என்பது இங்கே பிற்பகல் 2.15. அங்கே விடியும் வரைக்கும் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னேரமாகத்தான், ‘என்ன, ஒருத்தரும் எழும்பேல்லையோ’ என்ற கேள்வி பரவியது.

முதலில் எல்லோரும் பழியை எங்கள் பக்கத்து லைனில்தான் போட்டார்கள். அது நியாயமான சந்தேகம். மின்சாரம் போனால் கோபுரத்து பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஊருக்கே தெரியும். சிம்மை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு தொலைத்தொடர்புக் கடைக்காரர், எந்தப் பாடப்புத்தகமும் வாசிக்காமல், சரியான சோதனையைச் செய்தார். “பாரிஸ் கதைக்குது. லண்டன் கதைக்குது. கனடாவிலயும் என்ர மச்சான் கதைக்கிறான், அவன்ர லைன் பெல். ரொஜர்ஸ்காரர்தான் ஒருத்தரும் இல்லை.” வலையமைப்புப் பொறியாளர் செய்யும் முதல் வேலையும் இதுதான்: எது நிற்கவில்லை என்று பார்த்துப் பார்த்து, நின்றதைச் சுற்றி வட்டத்தைச் சுருக்குவது.

கடைக்காரர் வட்டத்தை நிறுவனம் வரைக்கும் சுருக்கிவிட்டார். நிறுவனத்துக்குள்ளே போவதற்குத்தான் ஆவணம் வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் வாயை நம்பாமல் பார்க்கக்கூடிய ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகம் ‘ரூட்வியூஸ்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. உலக வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று “இந்த முகவரிகளுக்கு என் வழியே வரலாம்” என்றும் “இனி வரமுடியாது” என்றும் ஓயாமல் சொல்லிக்கொள்ளும் செய்திகளை அது சேர்த்துவைக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பு, எவரும் இறக்கிக்கொள்ளலாம். இணையத்துக்குப் பதிவேட்டு அறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ரொஜர்ஸின் வலையமைப்பு எண் 812. ஜூலை 8, உலகப் பொது நேரம் 8.45, அதாவது ரொறன்ரோவில் 4.45ஐ ஒட்டி, 812 திடீரென்று அளவுக்கு மீறி அறிவிக்கத் தொடங்குகிறது. பிறகு தன் முகவரிகளை ஒவ்வொன்றாக உலகத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இணையத்தளங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அன்றே வெளியிட்ட வரைபடங்களிலும் இதே நேரந்தான்.

இந்தச் சாட்சி இரண்டு விடயங்களைச் சொன்னது. வெளியில் இருந்து யாரும் வெட்டவில்லை. வலையமைப்பு தானாகவே தன்னை உலகத்திலிருந்து விலக்கிக்கொண்டது. மற்றது, அது சாவதற்கு முன் வாய் ஓயாமல் பேசியது. மின்சாரம் போயோ கேபிள் அறுந்தோ நிற்கும் வலையமைப்பு இப்படிப் பேசாது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்து இலங்கையின் இணையத்தை நிறுத்தியது நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: அது சட்டென்று வரும் மௌனம். 812இல் நடந்தது வேறு வகை. சைபர் தாக்குதல் என்ற ஊகம் அன்று பலமாக ஓடியது. கனடிய அரசும் நிறுவனமும் அதை மறுத்தன. பதிவேட்டிலும் அதற்கான தடயம் இல்லை.

இரண்டாவது ஆவணம் ஜூலை 22ஆம் திகதிக் கடிதம். கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு கேட்ட நீண்ட கேள்விப் பட்டியலுக்கு நிறுவனம் அனுப்பிய பதில் அது. பொதுமக்களுக்குக் கிடைத்த பிரதியில் பல இடங்கள் மறைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் முக்கியமான பந்தி தப்பியிருந்தது. மைய வலையமைப்பைப் புதுப்பிக்கும் ஏழு கட்ட வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அன்று நடந்தது ஆறாம் கட்டம். அதிகாலை 4.43க்கு விநியோக ரவுட்டர்களில் ஒரு மாற்றம் புகுத்தப்பட்டது. அந்த மாற்றம் ஒரு வடிகட்டியை நீக்கியது. 4.45க்கு மைய வலையமைப்பு சரியத் தொடங்கியது.

வடிகட்டி என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஃபயர்வோல் என்று இன்று நாம் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் பெட்டிக்கு மூதாதை, ரவுட்டருக்குள் எழுதப்பட்ட அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். மேலிருந்து கீழாக வரிகள்: இதை விடு, இதை மறி, இதை விடு. எந்த வரியிலும் அடங்காததற்குப் பெரும்பாலும் மறிப்புத்தான். 1988 நவம்பரில் மொறிஸ் புழு இணையத்தை முடக்கிய பிறகுதான் இந்த வரிகளைத் தனிப் பெட்டியாக, தனித் தொழிலாக வளர்க்கும் ஆர்வம் பரவியது. இதே பட்டியல்களை ஆட்களை மறிக்க மட்டுமல்ல, வழித்தகவல்களை மறிக்கவும் பயன்படுத்துவார்கள். 2022 நடுப்பகுதியில் உலக இணையத்தின் வழி அட்டவணையில், நான்காம் பதிப்பு முகவரிகளுக்கு மட்டும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. உள்ளே இருக்கும் மைய ரவுட்டருக்கு அத்தனையும் தேவையில்லை. வடிகட்டி அவற்றில் வேண்டியதை மட்டும் கடத்தும். இரணைமடுக் குளத்தின் துருசைத் திறக்கும்போது வாய்க்கால் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் திறப்பார்கள்; இங்கே துருசையே கழற்றி எடுத்துவிட்டார்கள். வழித்தகவல் வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. மைய ரவுட்டர்கள் நினைவகமும் செயலியும் நிறைந்து சில நிமிடங்களில் படுத்துவிட்டன.

ஆக, குற்றவாளி அகப்பட்டான் என்று அந்தக் கட்டத்தில் கோப்பை மூடியிருக்கலாம். யாரோ ஒருவர் ஒரு வரியை அழித்தார், எல்லாம் விழுந்தது. பத்திரிகைகளில் வந்த கதையும் இதுவே. நிறுவனமும் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியை மாற்றியது. எனக்கு இந்த விடை போதவில்லை. வரியை அழிப்பது எங்கும் நடக்கிறது. கிளிநொச்சியிலும் நடக்கிறது. அதனால் என்ன நேரும் என்பது அழித்த வரியைப் பார்த்தால் தெரியாது என்பதைப் பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் பார்த்திருந்தேன்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஏ9 வீதிக்கு அருகில், இருபது முப்பது கணினிகள், ஒரு ஃபயர்வோல் பெட்டி, அதற்கு வெளியே இணைய வழங்குநரின் ரவுட்டர். அங்கிருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இளைஞர், கெட்டிக்காரர். முறைப்பாடு விசித்திரமாக இருந்தது.

“அண்ணை, மெயில் வாசிக்கலாம். அனுப்பவும் ஏலும். ஆனா போட்டோ ஒண்டைச் சேர்த்தா சுத்திக்கொண்டே நிக்குது.”

“எப்ப இருந்து?”

“வியாழன் கரண்ட் போய் வந்த பிறகு எண்டுதான் எல்லாரும் சொல்லினம்.”

கரண்ட் போய் வந்ததால் சுவிட்ச் எரிந்திருக்கும் என்றார் ஒருவர். மழைக்கு லைன் பிழை என்றார் மற்றவர். வழங்குநருக்கு அழைத்தால், வேகத்தைச் சோதித்துப் பார்த்தோம், எல்லாம் சரி என்றார்கள். இறக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் உண்மையிலேயே எல்லாம் சரிதான். செய்தித்தளம் திறக்கிறது, காணொளி ஓடுகிறது. கொழும்புக்கு ஏற்றவேண்டிய படிவம் மட்டும் ஏறாது. சிறிய படிவமானால் ஏறும், பெரியதானால் ஏறாது.

பாதி வேலை செய்யும் வலையமைப்பு முழுதாக நின்றதைவிடக் கெட்டது. முழுதாக நின்றால் எல்லோரும் நம்புவார்கள். பாதி நின்றால் உன் கணினியில்தான் கோளாறு என்பார்கள்.

ஃபயர்வோல் பெட்டி தன் அமைப்பைத் தானே பிரதி எடுத்துச் சேமித்துவைத்திருந்தது. இந்தத் தொழிலில் ஆவணக்காப்பகம் என்பது பெரும்பாலும் இப்படி யாரும் திறக்காத ஒரு கோப்புறைதான். வேலை செய்த நாளின் பிரதியையும் வேலை செய்யாத நாளின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். வெளியிலிருந்து வரும் ‘ஐசிஎம்பி’ செய்திகள் அனைத்தையும் மறி. புதன்கிழமை சேர்க்கப்பட்டது, மின்வெட்டுக்கு முதல் நாள். பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றில், வெளியாட்கள் பிங் செய்ய (பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஐசிஎம்பி வழியே தட்டிப் பார்க்க) முடியாதபடி அடைக்கவேண்டும் என்று இருந்ததால் யாரோ அடைத்திருக்கிறார்கள். மாற்றக் குறிப்பேட்டில் ‘சிறு மாற்றம்’ என்று பதிவு.

பிங்கை அடைத்தால் போட்டோ ஏன் போகாது? இதற்கான விடை எங்களுடைய காப்பகத்தில் இல்லை. இணையத்தின் பொறியியல் குறிப்புகள் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் ஆர்எஃப்சி தொகுப்பில் இருக்கிறது. அலுவலகக் கணினி ஒரு பொதியில் 1,500 பைட்டுகள் வரை அனுப்பும். வெளியே வழங்குநரின் இணைப்பு ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்ளும் வகை. 1,492தான் உள்ளே போகும். பெரிய பொதி வந்தால் ரவுட்டர் அதைப் போட்டுவிட்டு, “பெரிதாய் இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லும். சொல்வது ஐசிஎம்பி செய்தியாக. 1990 நவம்பரில் வந்த 1191ஆம் குறிப்பு இந்த ஏற்பாட்டை வகுத்தது. அந்தச் செய்தியை ஃபயர்வோல் மறித்தால், அனுப்பியவர் ஒன்றும் தெரியாமல் அதே பெரிய பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். முதல் கைகுலுக்கல் சிறிய பொதிகளில் நடப்பதால் இணைப்பு ஏற்படும். பாரமான தரவு தொடங்கியதும் நின்றுவிடும். 2000 செப்டெம்பரில் வந்த 2923ஆம் குறிப்பு இதைக் கருந்துளை என்று பெயரிட்டே விவரிக்கிறது. கிளிநொச்சியில் மூன்று பேர் மழையைத் திட்டிக்கொண்டிருந்த கோளாறு, அச்சொட்டாக, அந்தப் பக்கத்தில் இருந்தது.

வரியை முழுதாக எடுக்கவில்லை. அந்த ஒரு வகைச் செய்தியை மட்டும் விடும்படி அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தார் உத்தியோகத்தர். படிவம் ஏறியது. ஐசிஎம்பியை அடைத்தவருக்கு, பிங்குக்கும் படிவத்துக்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. மாற்றத்தின் அளவை அவர் தட்டச்சு செய்த எழுத்துகளால் அளந்தார். மாற்றக் குறிப்பேட்டில் வேறு அளவுகோலும் இல்லை.

இந்தக் கண்ணோடு ரொஜர்ஸ் கடிதத்துக்குத் திரும்பியபோது, ‘யார் அழித்தார்’ என்பது பின்னுக்குப் போய்விட்டது. இரண்டு கேள்விகள் மிஞ்சின. அழித்ததைத் திரும்பப் போட ஏன் இவ்வளவு நேரம்? அழிக்கலாம் என்று எப்படி முடிவானது?

முதலாவதற்கு விடை கடிதத்திலேயே பாதி இருந்தது. மீதி மூன்றாவது ஆவணத்தில். ஆணைக்குழு அமர்த்திய சோனா பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வறிக்கை அது. அதன் சுருக்கம் 2024 ஜூலையில் வெளியானது. அதில் விழுந்த நேரம் 4.58 என்று இருக்கிறது. கடிதத்தில் 4.45. முதலில் இது என்னைக் குழப்பியது. பதிவேட்டு அறையின் கோப்புகளோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் முரணல்ல என்றே நினைக்கிறேன்: 4.45க்குக் காய்ச்சல் தொடங்கியது, 4.58க்கு விழுந்தது. இடையில் பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள் யாராவது பழைய அமைப்புக்குத் திருப்பியிருந்தால் என்று மனம் போகிறது. ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: மாற்றத்தைப் போட்ட பின் குறித்த நேரத்துக்குள், வழமையாக 10 நிமிடத்துக்குள், ‘சரி’ என்று மீண்டும் உறுதி சொல்லாவிட்டால் பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவில் இருந்து ஃபயர்வோலைத் திருத்துகிறவர்கள், தாங்களே தங்களை வெளியே பூட்டிக்கொள்ளும் பயத்தில், வைத்திருக்கும் காவல் அது.

ரொஜர்ஸ் பொறியாளர்கள் அப்படித்தான் வெளியே பூட்டப்பட்டார்கள். ரவுட்டர்களைப் பராமரிக்கும் நிர்வாக வலையமைப்பு, பராமரிக்கப்படும் அதே மைய வலையமைப்பின்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மையம் விழுந்ததும் ரவுட்டருக்குள் நுழையும் வழியும் விழுந்தது. பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. ஊழியர்களின் கையிலிருந்த போனும் வீட்டு இணையமும் ரொஜர்ஸே என்பதால் ஒருவரோடொருவர் கதைக்கவும் முடியவில்லை. போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளை அவசரத்துக்கு மாற்றிக்கொள்வது என்று 2015 ஜூலையில் கனடிய நிறுவனங்கள் உடன்பாடு செய்திருந்தன. அந்த அட்டைகள் அன்று உதவின, ஆனால் எல்லோர் கைக்கும் போய்ச்சேர நேரம் எடுத்தது. ஆட்கள் ரவுட்டர் இருக்கும் கட்டடங்களுக்கு நேரில் போகவேண்டியிருந்தது. மூலகாரணம் இந்த வடிகட்டிதான் என்று கண்டுபிடிக்கவே சுமார் 14 மணித்தியாலம் ஆனது. ஸ்காபரோவில் கிடந்து தவித்தவர்களுக்கு அது நாள் முழுக்க. எங்களுக்கு நடுச்சாமம் கடந்து விடியப்போகும் நேரம்.

911 விடயத்திலும் ஒரு பாதி வேலை இருக்கிறது. ரொஜர்ஸின் கோபுரங்கள் சாகவில்லை. அவற்றுக்குப் பின்னாலிருந்த மையந்தான் செத்தது. சமிக்ஞை இருப்பதாகக் கைப்பேசி நம்பியது. நம்பியதால் போட்டி நிறுவனங்களான பெல்லுக்கோ டெலஸுக்கோ தாவவில்லை. கோபுரமும் செத்திருந்தால் அவசர அழைப்புகள் அயல் கோபுரங்களுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கான விடைதான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. ஏழு கட்ட வேலையை நிறுவனம் முதலில் ‘உயர் ஆபத்து’ என்றே மதிப்பிட்டிருந்தது. ஒவ்வொரு கட்டமும் பிழையின்றி முடிய முடிய, ஆபத்தைக் கணிக்கும் கணிமுறை மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆறாம் கட்டம் வந்தபோது அது ‘குறைந்த ஆபத்து’. வடிகட்டியை நீக்கும் மாற்றமும் அந்த முத்திரையின் கீழேயே போனது. குறைந்த ஆபத்து என்றால் குறைந்த பரிசோதனை, குறைந்த மேற்பார்வை. இத்தகைய மாற்றத்தை ஆய்வுகூடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே உயிருள்ள வலையமைப்பில் போடுவது தொழில் வழக்கம் என்று அறிக்கை கண்டிக்கிறது. மைய ரவுட்டர்களில் ‘இவ்வளவுக்கு மேல் வழித்தகவல் ஏற்கமாட்டேன்’ என்ற வரம்பும் வைக்கப்பட்டிருக்கவில்லை.

ஐந்து கட்டம் நல்லபடி போனது அந்த ஐந்தைப் பற்றிய செய்தி. ஆறாவதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கணிமுறைக்கு இது புரியாததை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்து போகம் நல்ல மழை பெய்ததால் ஆறாம் போகத்துக்குக் குளக்கட்டைப் பார்க்கவேண்டாம் என்று முடிவுசெய்யும் ஒரு கமக்காரரையும் நான் வன்னியில் சந்தித்ததில்லை; இவ்வளவு பெரிய நிறுவனத்தில் அந்த முத்திரையைப் பார்த்துப் புருவம் உயர்த்த ஒருவர் இல்லாமல் போனதுதான் எனக்கு விளங்கவில்லை.

வரம்பு இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். ஒப்டஸ் வழக்கு அதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. 2023 நவம்பர் 8 அதிகாலை, அவுஸ்திரேலியாவில் அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ 1 கோடி வாடிக்கையாளர்களுக்குச் சேவை நின்றது. வெளி வலையமைப்பு ஒன்றில் மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு வழித்தகவல் மாறிப் பெருகி வந்தது. அங்கே ரவுட்டர்களில் வரம்பு இருந்தது. உற்பத்தியாளர் வைத்து அனுப்பிய இயல்பு வரம்பு. சுமார் 90 ரவுட்டர்கள் அந்த வரம்பை எட்டியதும் தங்களைக் காத்துக்கொள்ள வலையமைப்பிலிருந்து தாங்களே விலகிக்கொண்டன. பெட்டிகள் பிழைத்தன, சேவை போனது. அங்கும் ஆட்கள் நேரில் போய்த்தான் சிலவற்றை மீட்டார்கள். வரம்பு இல்லாததும் கொன்றது, யாரும் எண்ணிப் பார்க்காமல் பெட்டியோடு வந்த வரம்பும் கொன்றது.

ஃபயர்வோல் வழக்குகளிலேயே மிக நேர்மையாக எழுதப்பட்ட ஆவணம் என்று நான் கருதுவது கிளவுட்ஃபிளேருடையது. 2019 ஜூலை 2ஆம் திகதி, உலகப் பொது நேரம் 13.42க்கு, அவர்களின் இணையச் செயலி ஃபயர்வோலில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. அவர்களே அதைச் சிறு மாற்றம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். விதிக்குள் இருந்த ஒரு தேடல் கோவை, எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வேலையில் முன்னும் பின்னும் முடிவின்றி ஓடி, உலகெங்கும் உள்ள அவர்களின் செயலிகளை 100 சதவீதத்துக்கு ஏற்றியது. 27 நிமிடம் அவர்களுக்குப் பின்னாலிருந்த இணையத்தளங்கள் 502 என்ற பிழையைக் காட்டின. விதி யாரையும் மறிக்காமல் கவனிக்க மட்டுமே செய்யும் ஒத்திகை முறையில் போடப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. மறிக்காவிட்டாலும் வாசிக்கவேண்டும் அல்லவா; வாசிப்பதில்தான் சிக்கியது. இப்படி ஓடுவதைத் தடுக்கும் ஒரு காப்பு, சில கிழமைகளுக்கு முன் வேறொரு திருத்தத்தில் தவறுதலாக நீங்கியிருந்தது. புதிய தாக்குதல்களுக்கு உடனே பதில் சொல்லவேண்டும் என்பதால் ஃபயர்வோல் விதிகளுக்கு மட்டும் படிப்படியாக வெளியிடும் முறையிலிருந்து விலக்கு இருந்தது. ஊழியர்கள் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழையவும் சிரமப்பட்டார்கள். அதுவும் கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால்தான் இருந்தது. ரொறன்ரோவுக்கு மூன்று ஆண்டுகள் முந்திய இந்த அறிக்கையில், பூட்டிய கதவுக்குள் சாவி என்ற பகுதி ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

கடைசியாக என் கோப்பில் சேர்ந்தது மீண்டும் ஒப்டஸ், 2025 செப்டெம்பர் 18. இந்த முறை நேராகவே ஃபயர்வோல் மேம்படுத்தல், வழமையான வேலை. தென் அவுஸ்திரேலியா, மேற்கு அவுஸ்திரேலியா, வட பிராந்தியம் ஆகியவற்றில் சுமார் 13 மணித்தியாலம் அவசர எண்ணான 000க்குப் போகவேண்டிய அழைப்புகள் பாதிக்கப்பட்டன. எண்ணிக்கை 600 அளவில் சொல்லப்பட்டது. உயிரிழப்புகளும் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. வேலை தொடங்குமுன் அழைப்புகளை வேறு வழிக்குத் திருப்பவேண்டிய படி தவறியிருந்தது. மற்ற எல்லா அழைப்புகளும் போய்க்கொண்டிருந்ததால் கண்காணிப்புத் திரையில் எதுவும் சிவக்கவில்லை. வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் நிறுவனத்துக்கு விளங்கியது. படிவம் ஏறாத அந்த அலுவலகத்தின் கோளாறு, உயிர் போகும் அளவில்.

ரொஜர்ஸ் தன் கைப்பேசி மையத்தையும் வீட்டு இணைய மையத்தையும் பிரிக்கத் தொடங்கியது. 25 கோடி கனடிய டொலர் செலவென்று அறிவித்தது. நிர்வாக வலையமைப்பையும் தனியாக்கியது. 2022 செப்டெம்பரில் கனடிய நிறுவனங்கள், ஒன்று விழுந்தால் மற்றது தாங்குவது என்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இரணைமடுப் பக்கத்தில் 25 கோடி டொலர் யாரிடமும் இல்லை.

அந்த அலுவலகத்தின் மாற்றக் குறிப்பேட்டை இந்தக் கட்டுரைக்காக மறுபடி புரட்டினேன். நான்கு நிரல்கள்: மாற்றம், செய்தவர், நேரம், ஆபத்து. ஆபத்து நிரலில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘குறைவு’ என்றே இருக்கிறது. உத்தியோகத்தரிடம் இன்னும் இரண்டு நிரல் போடச் சொன்னேன்: இதில் வேறு எது தொங்குகிறது, இது நின்றால் உள்ளே போக என்ன வழி. அவர் சிரித்துக்கொண்டே கோடு கிழித்தார். அடுத்த மாற்றத்துக்கு இரண்டாவது நிரலில் இப்படி எழுதியிருக்கிறார்: “பெட்டிக்கு நேரே வயர் குத்தலாம். அறைச் சாவி கணக்காளரிடம். கணக்காளர் வெள்ளி வரைக்கும் லீவு. மாற்றம் திங்களுக்குத் தள்ளிப்போடப்பட்டது.”